ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்

போன் வந்தபோது செபமாலையம்மாள் ஞாயிறு பூசை முடிந்து வந்து, கட்டிய சேலையைக்கூட மாற்றாமல் அடுப்பில் மீன் குழம்பைக் கூட்டிக்கொண்டிருந்தாள். தெரியாத நம்பர். இந்த விளம்பரக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமைகூட விடமாட்டேனென்கிறார்களே என்ற எரிச்சலோடுதான் எடுத்தாள்.

“ஏனுங்க, சித்திரபுரத்துச் செபமாலையம்மாளுங்களா?”

வயதான பெண்குரல். மூச்சு வாங்கி வாங்கிப் பேசியது.

“நான் பாலக்காட்டுப் பக்கம் சித்தூர்ல இருந்து பேசறனுங்க. சுப்பாத்தாள்னு பேருங்க. உங்களுக்கு என்னையத் தெரியாதுங்க. வேதமுத்து… அவரு என்ற ஊட்டுலதானுங்க இருக்காரு.”

செபமாலையம்மாள் அடுப்பைத் தணித்தாள். கை தானாகச் செய்தது.

“ரெண்டு மாசமாச்சுங்க, வாதம் வந்து உளுந்துட்டாரு. வலது கையும் காலும் வெளங்கலீங்க. பேச்சும் போச்சு. பெரட்டிப் போடோணும், களுவி உடோணும். எனக்கும் இடுப்பு ஒடிஞ்சாப்பல கெடக்குது. அவரு போன்ல ‘வீடு’ன்னு இந்த நம்பரு இருந்துதுங்க. தாலி கட்டுன நீங்க இருக்கறப்ப உங்களக் கேக்காம நான் ஒண்ணும் பண்ணப்படாதுன்னு தோணுச்சு. கூட்டிட்டுப் போறீங்களா, என்ன பண்ணட்டும்னு ஒரு வார்த்தை சொல்லுங்க.”

எத்தனையோ சொல்லியிருக்கலாம். திட்டியிருக்கலாம், அழுதிருக்கலாம், ராங் நம்பர் என்று வைத்திருக்கலாம். செபமாலையம்மாள் வாயில் வந்தது எப்போதும் வருகிற வாக்கியம்தான்.

“ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்.”

வைத்துவிட்டாள். குழம்பு அடிப்பிடித்த வாசம் அதன் பிறகுதான் மூக்கில் ஏறியது.

அந்தத் தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த வாக்கியம் அது. செபமாலையிடம் ஒரு கை உப்பு கேட்டால்கூட ஜெபம் பண்ணிவிட்டுத்தான் தருவாள் என்று கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கேலி பேசுவார்கள். அவள் கோபித்துக்கொண்டதில்லை. ஆடு வாங்கவா, மகளைப் படிக்க வைக்கவா, ஆஸ்பத்திரியில் சொன்ன ஆபரேஷனைச் செய்துகொள்ளவா, எதுவானாலும் மாதா படத்தின் முன்னால் முழங்காலிட்டுக் கேட்பாள். சத்தமாகப் பதில் வந்ததில்லை. ஆனால் இரண்டு நாளோ மூன்று நாளோ கழித்து, தேயிலைக்கு நடுவே கத்திரியோடு நிற்கும்போதோ தண்ணீர் பிடிக்கும்போதோ, நெஞ்சில் ஒரு குளிர்ச்சி இறங்கும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு யார் என்ன சொன்னாலும் அவளை அசைக்க முடியாது. மகள் டின்டுவுக்கு அடிமாலியிலிருந்து டிஜோவின் சம்பந்தம் வந்தபோதும் அப்படித்தான் சரி சொன்னாள். அந்தப் பிள்ளைகள் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

வேதமுத்து போன கதையில் சண்டை சச்சரவு எதுவும் இல்லை. எஸ்டேட்டில் தண்ணீர்க் குழாய் பார்க்கும் வேலையில் இருந்தான். நெல் அறுக்கும் மிஷின் வைத்திருந்த ஒருவர் கூப்பிட்டார் என்று ஒரு தை மாதம் பாலக்காட்டுப் பக்கம் கிளம்பினான். அறுப்பு முடிந்ததும் வருவேன் என்றான். முதலில் தினமும் போன் வந்தது. பிறகு வாரம் ஒன்று. பிறகு கிறிஸ்துமசுக்கு மட்டும். அப்புறம் அதுவும் இல்லை. சித்தூரில் கள்ளுக்கடைக்குக் கறி வைத்துக் கொடுக்கும் ஒருத்தியோடு இருக்கிறான் என்று லாரி டிரைவர் ஒருவன் வந்து சொன்னான். செபமாலையம்மாள் ஒரு வருஷம் அழுதாள். இரண்டாம் வருஷம் வீடு அமைதியாக இருப்பதைக் கவனித்தாள். குடித்துவிட்டு வந்து யாரும் செருப்பைத் தேடிக் கத்தவில்லை. மூன்றாம் வருஷம் அந்த அமைதி அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, பாவசங்கீர்த்தனத்தில்கூட.

இப்போது அந்த அமைதி போய்விட்டது. போன் வந்த அன்று மாலை முழங்காலிட்டாள். ஒரு மங்கள வார்த்தை ஜெபம் முடிவதற்குள் எழுந்து கதவைத் தாழிட்டாள். மறுபடி முழங்காலிட்டாள். தாழிட்டோமா என்று எழுந்து பார்த்தாள். மறுநாள் மலையில் கத்திரி ஒரே செடியைத் திரும்பத் திரும்ப மொட்டையடித்தது. “ஏ செபமாலை, செடிக்கு முடி எறக்குறியா?” என்று பக்கத்து நிரையில் நின்றவள் கேட்டாள். குளிர்ச்சி வரவில்லை. மூன்று நாள் போனது, ஐந்து நாள் போனது, வரவேயில்லை. மாறாக, நெஞ்சுக்குழியில் கொதிக்கும் பானையின் மூடிபோல ஏதோ தடதடத்துக்கொண்டே இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு பைபிளைத் திறந்து விரலை வைத்துப் பார்த்தாள். கூடாரத் திரைச்சீலை எத்தனை முழம் நீளம், எத்தனை முழம் அகலம் என்று வந்தது. இன்னொரு தடவை திறந்தாள். யாருக்கு யார் பிறந்தார் என்ற வம்ச வரிசை. மூன்றாவது தடவை திறக்க அவளுக்கே வெட்கமாக இருந்தது. மூடி வைத்தாள்.

புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது. ஒருத்தி கண்ணை மூடி, வெள்ளை கேட் ஒன்று திறப்பதைப் பார்க்கிறேன், ஆண்டவர் உன்னைப் போகச் சொல்கிறார் என்றாள். அவள் முடிக்கும் முன்பே இன்னொருத்தி, எனக்கு அந்தக் கேட்டுக்குப் பின்னால் பாம்பு தெரிகிறது என்றாள். இருவரும் கூட்டம் முடிந்த பிறகும் வெளியே நின்று வாதாடிக்கொண்டிருந்தார்கள்.

பங்குச் சாமியார் இளவயதுக்காரர். பொறுமையாகக் கேட்டார்.

“கல்யாணம் கல்யாணம்தாம்மா, அது போகாது. ஆனா கிடையில கிடக்கிற மனுஷனை உங்க லயத்துப் படியில ஏத்தி எறக்க முடியுமா, வேலைக்குப் போனா பகல்ல யாரு பாப்பா, அதையும் யோசிக்கணும். அவசரப்படாதீங்க. ஆண்டவரோட சித்தம் என்னன்னு அமைதியாக் கேளுங்க.”

“அந்த அமைதிதான் வர மாட்டேங்குது சாமி.”

“கேட்டுக்கிட்டே இருங்க.”

சனிக்கிழமை டின்டு அடிமாலியிலிருந்து வந்தாள். செய்தி அவளுக்கு முன்பே எட்டியிருந்தது. பையைக் கீழே வைக்கும் முன்பே ஆரம்பித்தாள்.

“என் கல்யாணத்துல அப்பா எங்கன்னு கேட்டவங்களுக்கெல்லாம் வெளிநாட்டுல இருக்காருன்னு நீதானம்மா சொன்ன? வெளிநாட்டுலயே இருக்கட்டும்.”

“நான் போறேன்னு சொல்லலையே. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“என்ன கேக்குற? போகவான்னா, போகாம இருக்கவான்னா?”

டின்டு தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “கடவுள் வேண்டாம்னு சொல்லணும்னு நீ காத்துக்கிட்டு இருக்கம்மா. எனக்குத் தெரியுது. அதுல தப்பு இல்ல. ஆனா அதுக்கு ஏன் இப்படி முட்டி தேயணும்? வேண்டாம்னு நீயே சொல்லிரு.”

மகள் போன பிறகு செபமாலையம்மாள் ஓர் அடையாளம் வைத்தாள். வரும் வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பொம்பளை இன்னொரு தடவை கூப்பிட்டால் போகிறேன் ஆண்டவரே, கூப்பிடாவிட்டால் உமக்கு விருப்பமில்லை என்று எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வாரம் முழுவதும் போனைப் பிளாஸ்டிக் கவரில் சுற்றி ஜாக்கெட்டுக்குள் வைத்திருந்தாள். அது சும்மா கிடந்தது. வெள்ளிக்கிழமை இருட்டியதும் மூச்சு விட்டாள். சனிக்கிழமை வீட்டை ஒட்டடை அடித்தாள், ஆட்டுக்குத் தழை வெட்டினாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் பத்து நாளுக்குப் பிறகு சிரித்துப் பேசினாள். ஞாயிறு பூசைக்கு நல்ல சேலை கட்டினாள்.

நற்கருணை வாங்க வரிசையில் நின்றபோதுதான் அது வந்து மோதியது. வியாழனும் வெள்ளியும் கங்காணியிடம் அவளே கேட்டு வாங்கிக்கொண்டு போன மலைச்சரிவில் டவர் கிடைக்காது. அங்கே போன் அடிக்காது என்பது எஸ்டேட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் அந்தச் சரிவு வேண்டுமென்று கேட்டாள்? முட்டிக்கு ஏற்றம் ஆகாது என்று காரணம் சொல்லியிருந்தாள். அங்கேதான் ஏற்றம் அதிகம்.

வரிசையிலிருந்து விலகி வெளியே வந்து கோயில் சுவரில் சாய்ந்து நின்றாள். யாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம், யாரிடமிருந்து ஒளிந்துகொண்டிருக்கிறோம் என்று நினைக்கவே பயமாக இருந்தது.

செவ்வாய்க்கிழமை லீவு சொல்லிவிட்டு மூணாறில் உடுமலை பஸ் ஏறினாள். ஆண்டவர் போகச் சொன்னார் என்று அவள் நினைக்கவில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை, அதுதான். மறையூர் தாண்டி, சின்னாறு காடு தாண்டி, பஸ் இறங்க இறங்க வெயில் ஏறியது. ஜெபமாலையை எடுத்தாள். பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் எண்ணிக்கை தப்பியது. உடுமலையில் மாறி, பொள்ளாச்சியில் மறுபடி மாறும்போது, இப்படியே திரும்பிவிடலாமா என்று மூணாறு போகிற பஸ் எங்கே நிற்கும் என்றுகூட விசாரித்தாள். சித்தூர் பஸ் முதலில் வந்துவிட்டது.

வீடு தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்தது, முன்னால் நெல்வயல். ஓட்டுவீடு. வாசலில் கோழி மேய்ந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவி எழுந்து வந்தாள். வருஷக்கணக்காகச் செபமாலையம்மாள் மனதில் பூவும் பொட்டுமாக ஒருத்தியை வைத்துத் திட்டிக்கொண்டிருந்தாள். வந்தவளுக்குப் பாதிப் பல் இல்லை. காலில் பித்தவெடிப்பு.

“வந்துட்டீங்களா? வாங்க, வாங்க. வெயில்ல நிக்காதீங்க” என்றாள் சுப்பாத்தாள். நேற்றே வருவதாகச் சொல்லிவைத்த விருந்தாளியை வரவேற்பதுபோல.

அவளை என்னவென்று கூப்பிடுவதென்று செபமாலையம்மாளுக்குத் தெரியவில்லை. உள்ளே போனாள். ஒரு சொம்பு மோர் வந்தது. குடித்தாள். சுப்பாத்தாள் எதிரே சுவரைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

“நீங்க சாமி கும்பிட்டுட்டுச் சொல்றேன்னீங்களே, அதான் நான் மறுக்காக் கூப்புடலீங்க. சாமி காரியத்துல அவசரப்படுத்தப்படாதுல்லங்க. என்னுங்க சொல்லுச்சு உங்க சாமி?”

கேலி இல்லை அதில். உண்மையாகவே கேட்டாள். இரண்டு வாரமாக இந்த வீட்டில் ஒருத்தி இடுப்பு வலியோடு ஆளைப் புரட்டிக்கொண்டு, தன் ஜெபத்துக்குப் பதில் வரட்டும் என்று காத்திருந்திருக்கிறாள் என்பது செபமாலையம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்த மரியாதையைத் தானே தன் ஜெபத்துக்குக் கொடுக்கவில்லை.

“ஒண்ணும் சொல்லல” என்றாள்.

“ஒண்ணுமேங்களா?”

“ஒண்ணுமே.”

சுப்பாத்தாள் தலையாட்டினாள். “எங்க மாரியாத்தாளும் அப்படித்தானுங்க. கோயல்ல பூக்கேட்டுப் பாத்தேன். செவப்பு ஒரு பொட்டணம், வெள்ள ஒரு பொட்டணம். வெள்ளதான் வந்துச்சு. ஆனா வெள்ள வந்தா அனுப்போணும்னு நெனச்சனா, வெச்சுக்கோணும்னு நெனச்சனான்னு வெசனத்துல மறந்துபோச்சுங்க.”

செபமாலையம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. சிரித்த வேகத்தில் கண்ணும் கலங்கியது. சுப்பாத்தாளும் பொக்கைவாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

உள் அறையில் கயிற்றுக் கட்டிலில் வேதமுத்து கிடந்தான். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. உடம்பு பாதியாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் கோணி அழுதான். அது அழுகைதானா, அந்த முகத்தில் இனி எல்லாமே அப்படித்தான் தெரியுமா என்று சொல்ல முடியவில்லை.

“என்னைத் தெரியுதா?”

“ஆமா” என்றான்.

பேச்சு வருகிறதே என்று திரும்பிப் பார்த்தாள். “அது ஒண்ணுதானுங்க வரும்” என்றாள் சுப்பாத்தாள் வாசலில் நின்றபடி.

செபமாலையம்மாள் கட்டில் பக்கம் குனிந்தாள். இத்தனை நாள் மாதா படத்திடம் கேட்டதை இவனிடமே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

“சித்திரபுரத்துக்கு வாறியா? எங்கூட?”

“ஆமா.”

“இல்ல, இங்கயே இருக்கியா? இவுக கூட?”

“ஆமா.”

“நான் போயிரவா?”

“ஆமா, ஆமா” என்று அழுதான்.

அதற்கு மேல் கேட்க அவளிடம் எதுவும் இல்லை. அறையில் மூத்திர வாடையும் மருந்தெண்ணெய் வாடையும் அடித்தன. முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். புண் இருந்தது. “தண்ணி காய வைக்கணும். பழைய வேட்டி இருக்கா?” என்றாள். கேட்டுவிட்டு, “அக்கா” என்று சேர்த்தாள்.

இருவருமாகப் புரட்டினார்கள். சுப்பாத்தாள் தோளைப் பிடிக்க, செபமாலையம்மாள் இடுப்பைப் பிடித்தாள். ஒருத்தியாகத் தூக்கும்போது அரைமணி நேரம் ஆகும், பாதியில் விட்டுவிட்டு நான் அழுவேன் என்றாள் சுப்பாத்தாள். புண்ணைக் கழுவும்போது அவன் கத்தினான். செபமாலையம்மாளுக்கு இரக்கம் வந்ததா என்றால், வந்தது. கோபமும் வந்தது. இரண்டும் ஒரே கையில் இருந்தன. அந்தக் கையால்தான் துடைத்தாள்.

ஒரு நாள் லீவு நான்கு நாளாக நீண்டது. அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் வீட்டுக்கே வந்து கிடை நோயாளிகளைப் பார்க்கும் நர்ஸ் உண்டு என்பது சுப்பாத்தாளுக்குத் தெரியும். ஆனால் என்ன உறவு என்று கேட்டால் என்ன சொல்வது என்று அவள் போய்க் கேட்டதே இல்லை. செபமாலையம்மாள் போனாள். “என் வீட்டுக்காரர்” என்றாள். “அப்ப அந்த அம்மா?” என்று கேட்டார்கள். “அவுங்கதான் பாத்துக்கிறாங்க” என்றாள். அடுத்த வாரமே நர்ஸ் வர ஆரம்பித்தாள்.

கூட்டிக்கொண்டு வரவும் இல்லை, கைவிட்டுவிடவும் இல்லை. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை அவள் சித்தூர் போனாள், ஞாயிறு மாலை திரும்பினாள். அந்த ஒன்றரை நாள் சுப்பாத்தாள் பாயை விரித்துக் குறட்டை விட்டுத் தூங்கினாள். லயத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். புனிதை என்றார்கள் சிலர். சூடு சொரணை இல்லாதவள் என்றார்கள் சிலர். இரண்டைக் கேட்டாலும் அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பூசைக்கு வராத ஞாயிறுகளைப் பற்றிச் சாமியார் ஒருநாள் கேட்டார்.

“ஆண்டவர் வழி காட்டிட்டாராம்மா?”

“காட்டல சாமி. போய் வந்துக்கிட்டு இருக்கேன்.”

சாமியார் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வதித்தார்.

டின்டு நான்கு மாதம் பேசவில்லை. பிறகு பேசினாள், தகப்பனைப் பற்றி மட்டும் பேசவில்லை. ஒருநாள் டிஜோ பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பெரியவர்கள் கட்டும் டயப்பர் கட்டு ஒன்றைக் கொடுத்தான். “அவதான் வாங்கச் சொன்னா. சொன்னேன்னு சொல்லக் கூடாதுன்னா” என்றான்.

இப்போது செபமாலையம்மாளுக்கு வேறொரு தொல்லை வந்திருக்கிறது. வரும் மே மாதம் ரிட்டயர்மென்ட். லயத்து வீட்டை எஸ்டேட்டுக்குத் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். அடிமாலியில் தன் வீட்டுக்குத்தான் வரவேண்டும், அறை தயாராகிவிட்டது என்கிறாள் டின்டு. சுப்பாத்தாளோ, “இங்க அந்த மேக்காலப் பக்கத்து ரூம்பு சும்மாதான கெடக்குது. வந்துருங்க, பொழுதுக்கும் பஸ்ல லோல்படாம” என்கிறாள். வேதமுத்துவைக் கேட்டால் என்ன சொல்வான் என்பது தெரிந்ததே.

இரண்டு பேரிடமும் அவள் பழைய பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். முழங்காலிடுகிறாள். குளிர்ச்சி எதுவும் இறங்கவில்லை, மூடி தடதடக்கிறது. ஆனால் போன வாரம் சித்தூர் போனபோது, ஜெபத்தைக் கொஞ்சம் நிறுத்திவைத்துவிட்டு, அந்த மேற்குப்பக்க அறையைத் திறந்து பார்த்தாள். தேங்காய் மட்டை அடைத்துக் கிடந்தது. சாயங்கால வெயில் நேராக உள்ளே இறங்கி அடுப்படி மாதிரி தகித்தது. மலைக் குளிரில் வளர்ந்த உடம்பு இதைத் தாங்குமா என்று சந்தேகமாக இருந்தது.

“ஏங்க்கா, இங்க பக்கத்துல வேதக்கோயில் எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

“பஸ்ஸுல நாலு ஸ்டாப்புங்க. நடந்தும் போயரலாம், வெடியால வெயிலுக்கு முன்ன” என்றாள் சுப்பாத்தாள்.

செபமாலையம்மாள் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, மட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட ஆரம்பித்தாள். குடியிருக்க வருவதற்கா, அறை சுத்தமாக இருக்கட்டும் என்பதற்கா என்று சுப்பாத்தாள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் செபமாலையம்மாளுக்கே தெரிந்திருக்காது.